கணவாயின் இருபுறமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் சிறுவர்க்கென ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆண்டு விழா என்றால் ஆடலும் பாடலும் உண்டு; இறுதியில் பரிசும் உண்டு. இடையே ஓர் உரையைச் செருகிவிட்டால், பரிசுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் எப்படி நெளிவார்கள் என்பதை நாம் அறிவோம். நாமும் ஒரு காலத்தில் அப்படி நெளிந்தவர்தாம். ஆகையால் நெடிய முன்னுரை வேண்டா.

நம் குடியிருப்பைச் சேர்ந்த ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அண்மையில் நம்மிடம் ஒரு வினா விடுத்தாள். "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்கிறார்களே, மாமா! அப்படியானால் பரம்பிக்குளம் காட்டில் இருக்கிற குரங்கெல்லாம் ஏன் இன்னும் மனிதர் ஆகவில்லை?" அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதையம்மா" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார். வினா நல்ல வினா. அதற்கு அந்த விடை போதாது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோர்க்குமாகச் சொல்லலாம் என்றே இன்று இங்கு வந்து நிற்கிறோம்.

மற்றொரு காரணமும் உண்டு. 2023ஆம் ஆண்டில் மத்தியப் பாடநூல் குழு தனது பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து உயிர்களின் பரிணாமம் பற்றிய பகுதியை நீக்கிற்று. அறிவியலாளரும் ஆசிரியருமாக 1,800க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு, அதனை மீண்டும் சேர்க்குமாறு வேண்டினர். பாடத்தில் இடமில்லாத பொருளைச் சங்கத்திலேனும் பேசுதல் நன்று.

பரிணாமம் என்னும் சொல்லைக் கண்டு மருள வேண்டா. ஒன்று படிப்படியாக மாறி வேறொன்றாதல் என்பதே பொருள். இலங்கைத் தமிழர் இதனையே 'கூர்ப்பு' என அழகாகச் சொல்வர். மலையாளப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கும் 'பரிணாமம்' என்ற சொல் பழக்கமானதே. ஆகவே, இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சண்டையின்றிக் கேட்கலாம்!

முதலமடைக்கு நம்மில் சென்று வராதவர் இல்லை. அங்குள்ள மாந்தோப்புகளில் விதை ஊன்றிக் கன்று வளர்ப்பாரைக் கண்டதுண்டோ? அரிதே. ஒட்டுக்கன்றுகளையே நடுகிறார்கள். ஏன்? நன்றாக இனித்த ஓர் அல்போன்சாவின் கொட்டையை ஊன்றினால், வளரும் மரம் தாய்மரத்தின் கனியை அப்படியே தருவதில்லை. ஒன்று புளிக்கும்; ஒன்று நாரோடும்; எப்போதோ ஒன்று தாயினும் இனிக்கும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் அவ்வாறே. மூத்தவன் நெட்டை, இளையவன் குட்டை; ஒருத்திக்குச் சுருண்ட முடி, மற்றவளுக்கு நீண்ட முடி. பெற்றோரை ஒத்திருப்பர், ஆயினும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திரார். பிறவியிலேயே வரும் இந்தச் சிறு சிறு வேற்றுமைதான் கதையின் விதை.

இனி, பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்குப் போவோம். காங்கேயம் காளையின் திமிலையும் கொம்பையும் கண்டு வியவாதார் யார்? அக்காளை வானிலிருந்து அப்படியே இறங்கிவிடவில்லை. உழவரும், பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தாரும், கட்டான உடலும் உழைப்புத் திறனும் உடைய காளையையே பொலிகாளையாக நிறுத்தி, மற்றவற்றை விலக்கினர். தந்தையின் கட்டுடல் கன்றுக்கு வந்தது. கன்றிலும் சிறந்தது மீண்டும் தெரிந்தெடுக்கப்பட்டது. தலைமுறை பல கழிய, பார்த்தவுடனே பெயர் சொல்லத்தக்க இனம் ஒன்று நிலைபெற்றது. இது மனிதன் செய்யும் தேர்வு.

மனிதன் நிற்கும் இடத்தில் ஒருவரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுக்குவார் இல்லை, விலக்குவார் இல்லை. அப்போதும் தேர்வு நடக்குமோ? நடக்கும் என்று கண்டவர்கள் இருவர்: சார்லசு டார்வின், ஆல்பிரடு ரசல் வாலசு. இருவரும் ஆங்கிலேயர். டார்வின் 1831 முதல் 1836 வரை கப்பலில் உலகைச் சுற்றி வந்து, பின்னர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணிக் கொண்டிருந்தவர். வாலசு, கிழக்கிந்தியத் தீவுகளில் பூச்சிகளும் பறவைகளும் திரட்டி விற்றுப் பிழைத்தவர். குளிர்காய்ச்சலில் கிடந்தபோது அதே எண்ணம் அவருக்கும் தோன்றிற்று. இருவர் கட்டுரைகளும் 1858ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இலண்டனில் ஒரே அவையில் படிக்கப்பட்டன. மறு ஆண்டில் டார்வினின் நூல் வெளிவந்தது.

அவர்கள் கண்டதை நம் வீட்டுக் கொசுவை வைத்தே விளக்கலாம். இந்தக் கதை, மலைத்தோட்டங்களுக்கு வந்த நம் குடும்பங்களின் கதையும் ஆகும். நாடு விடுதலை பெற்ற காலத்தில், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 7½ கோடிப் பேர் மலேரியாக் காய்ச்சலில் விழுந்தனர்; 8 இலட்சம் பேர் மாண்டனர். 1953இல் அரசு மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. வீடுதோறும் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளித்தார்கள். 1958இல் திட்டம் மேலும் விரிந்தது. 1965இல் நோயுற்றோர் தொகை ஓர் இலட்சம் அளவுக்கு இறங்கிற்று. இனி அது பழங்கதை என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1976இல் அத்தொகை 64 இலட்சத்திற்கு ஏறிற்று!

என்ன நேர்ந்தது? பணமுடை, தெளிப்பதில் தளர்ச்சி எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று கொசுவிடமே இருந்தது. கோடிக்கணக்கான கொசுக்களுள் ஏதோ சிலவற்றிற்கு, அந்த மருந்தைத் தாங்கும் தன்மை பிறவியிலேயே இருந்தது. மருந்து வருவதற்கு முன் அத்தன்மையால் அவற்றிற்கு ஒரு பயனும் இல்லை. மருந்து வந்தபோது மற்றவை மடிந்தன, இவை பிழைத்தன. பிழைத்தவைதாமே முட்டையிடும்? அம்முட்டைகளில் பிறந்தவற்றுள் மிகுதியானவை தாயைப்போல் மருந்தைத் தாங்கின. மீண்டும் தெளிப்பு, மீண்டும் சலிப்பு. சில ஆண்டுகளில் பல ஊர்களில் பழைய மருந்துக்கு அஞ்சாத கொசுக்களே மிகுந்தன.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். எந்தக் கொசுவும் பயிற்சி செய்து மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்ளவில்லை. கொசுக்கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேற்றவும் இல்லை. மாறியது தனிக்கொசு அன்று, கூட்டத்தின் கலவை. தாய்மார்கள் முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்க்கிறோம். முறம் எந்தக் குறுநொய்யையும் முழுவரிசி ஆக்குவதில்லை; எது நிற்கும், எது போகும் என்பது மட்டுமே அங்கே முடிவாகிறது. ஆனால் முறத்தைப் பிடிக்க ஒரு கை உண்டு. இயற்கையின் முறத்திற்குக் கை இல்லை. மழையும் வெயிலும், பசியும் பகையும், நோயும் மருந்துமே முறம். இதற்கே இயற்கைத் தேர்வு என்று பெயர்.

"வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைக்குப் போகாதோ?" என்று கேட்கலாம். தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்தும் வழக்கம் நம்மிடையே எத்தனை தலைமுறையாக இருந்து வருகிறது! ஆயினும் துளையுள்ள காதோடு ஒரு குழந்தையேனும் பிறந்ததுண்டோ? ஒவ்வொரு முறையும் தட்டானை அழைக்கத்தான் வேண்டியிருக்கிறது. பிறவியில் வந்தது மட்டுமே பிறவிக்குப் போகும்.

நிற்க. ஓர் இனம் மாறுவதைக் கண்டோம். ஓர் இனம் இரண்டாவது எப்படி? இதற்குக் கலாபகசுத் தீவுகளுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. மீனாட்சிபுரத்தில் நம் தெருமுனையில் நின்றாலே போதும்.

தெற்கே பாருங்கள்: ஆனைமலை. அதற்கும் அப்பால், இடுக்கி மாவட்டத்தில் 2,695 மீட்டர் உயர்ந்து நிற்பது ஆனைமுடி. வடக்கே, வானம் தெளிந்த நாளில் நீலநிறமாகத் தெரியும் மலைகள் நீலகிரியைச் சார்ந்தவை. இரண்டுக்கும் இடையே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில், தாழ்ந்து கிடக்கும் திறந்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதிலும் இதனினும் பெரிய இடைவெளி இல்லை. நம் கூரை ஓடுகளைத் தூக்கிச் செல்லும் காற்று இதன் வழியாகவே வருகிறது.

இம்மலைகளின் உச்சியில், குளிர்ந்த சோலைக்காடுகளில், சிரிப்பான் என்றொரு பறவை வாழ்கிறது. கூவுவது மனிதர் கலகலவென்று சிரிப்பதுபோல் இருப்பதால் அப்பெயர். கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் சிரிப்பானுக்கு மோவாய் கறுப்பு; வயிறும் மார்பும் செம்பழுப்பு. தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் மூணாற்றிலும் வாழ்வதற்கு அந்தக் கறுப்பு மோவாய் இல்லை. மார்பு சாம்பல் நிறம். இவை இன்று இரண்டு வேறு இனங்கள். ஒரு தாய் மக்கள் இரண்டு ஊர்க்காரர் ஆகிவிட்டனர்.

சிறகுள்ள பறவை 30 கிலோமீட்டர் பறக்கலாகாதோ எனில், சிறகு இருந்தும் அது வாராது. உயர்ந்த மலையின் குளிரும் நிழலும் அதன் வீடு. வெயில் காயும் சமவெளி அதற்குக் கடல் போன்றது. வடக்கிலுள்ளது தெற்கிலுள்ளதோடு மணம் கொள்ளவில்லை. ஆகவே அங்கே தோன்றிய புதுமை இங்கே வரவில்லை, இங்கே தோன்றியது அங்கே போகவில்லை. பல இலட்சம் ஆண்டுகள் இவ்வாறு கழிந்தால் வேற்றுமை முற்றிவிடும். அவ்வேற்றுமை அனைத்தும் தேர்வின் விளைவென்று சொல்லிவிடலாகாது. தற்செயலாக வந்து தங்கிவிட்டவையும் உண்டு. ஆனால் பிரிவு இல்லாவிடில் இவை எவையும் தங்கியிரா.

சோலையில் வாழும் நீலச்சிட்டுப் போன்ற சிறு பறவைகளிலும் இக்கணவாயின் இருபுறமும் இருவேறு இனங்கள் உள்ளன. வரையாட்டின் வடக்குக் கூட்டத்திற்கும் தெற்குக் கூட்டத்திற்கும் மரபணுவில் வேற்றுமை காணப்பட்டுள்ளது. மலையே அசைவதுபோல் நடக்கும் யானையும் இதற்கு விலக்கன்று. நீலகிரி யானைகளும் ஆனைமலை, பெரியாற்று யானைகளும் மரபணுவில் வேறுபட்டிருப்பதை 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. யானை இன்னும் ஓரினமே. ஆயினும் பிரிவின் முதற்கோடு விழுந்துவிட்டது.

இடுக்கியில் உறவினர் உள்ள குழந்தைகள் கை தூக்குங்கள் பார்ப்போம். பாதி அவை தூக்கிவிட்டது! உங்களுக்கென்றே ஒரு செய்தி. கட்டப்பனைப் பக்கத்தில் மண்ணுக்குள் வாழும் ஊதாநிறத் தவளை ஒன்றை, பிஜு என்னும் கேரள அறிஞரும் பெல்சிய நாட்டு அறிஞர் போசுயிட்டும் 2003இல் உலகிற்கு அறிவித்தனர். உப்பிய உடல், சிறு தலை, பன்றிக்குட்டியினது போன்ற கூரிய மூக்கு. அழகென்று சொல்ல மனம் வரவில்லை. ஆண்டு முழுதும் மண்ணின் கீழ் கறையானைத் தின்று கிடந்து, மழை தொடங்கும்போது இனம் பெருக்கச் சில நாள் மட்டும் மேலே வரும். ஓணத்திற்கு வந்துபோகும் மன்னனை நினைந்து 'மாவேலித் தவளை' என்பர் மலையாளத்தார். பொருத்தமான பெயர்! மலைவாழ் மக்கள் இதனை முன்பே அறிவர்; அறிஞர்க்குத்தான் புதிது.

இதன் நெருங்கிய உறவினர் எங்கே உள்ளனர்? பக்கத்து மாவட்டத்தில் அன்று. கடலுக்கு அப்பால், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செசெல்சுத் தீவுகளில்! தவளை உப்புக்கடலை நீந்திக் கடக்கவில்லை. நிலமே பிரிந்து போயிற்று. ஒரு காலத்தில் இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலப்பரப்பாய் இருந்தன. அவ்விரு தவளைக் குடும்பங்களின் பொது மூதாதை வாழ்ந்தது ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிட்டுள்ளனர். 2017இல் மலையின் கிழக்குச் சரிவில், தமிழ்நாட்டுச் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில், இத்தவளையின் உடன்பிறப்பு ஒன்றும் தனி இனமாக அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் மலைக்காட்டில் ஆய்வுப் பணியின்போது உயிர்நீத்த கோயம்புத்தூர் அறிஞர் பூபதி அவர்களின் பெயரை அதற்கு இட்டனர்.

கோடி ஆண்டு என்பது வாயால் சொல்ல எளிது. மனம் பற்றுவது அரிது. ஓர் ஆண்டை ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு சிறு கடுகின் அளவு, என்று கொள்ளுங்கள். நூறு வயதுப் பாட்டியின் வாழ்வு உள்ளங்கை அகலம். சங்கப் புலவர் வாழ்ந்த காலம் இம்மேடையிலிருந்து இரண்டு மீட்டர். முன்வரிசைக் குழந்தைகளின் மடிக்கு எட்டிவிடும். தவளைகள் பிரிந்த காலமோ நூறு கிலோமீட்டர். இங்கிருந்து திருச்சூரைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய்விடலாம். உலகில் உயிர் தோன்றிய 350 கோடி ஆண்டுகளை அளக்கப் புறப்பட்டால், கன்னியாகுமரி தொடங்கிக் காசுமீரம் வரை போனாலும் போதாது. இத்தனை கடுகுகளும் ஒவ்வொன்றாய் உருண்டிருக்கின்றன.

இப்போது அச்சிறுமியின் வினாவுக்கு வருவோம். குழந்தாய், உன் பெரியப்பா மகனிலிருந்து நீ பிறந்தாயோ? இல்லை. உனக்கும் அவனுக்கும் பாட்டனார் ஒருவர். தேனிப் பக்கத்துச் சிற்றூரில் அவர் வாழ்ந்தார். ஒரு மகன் அங்கேயே தங்கினார். மற்றொரு மகன் கங்காணியோடு மலையேறித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். அவன் அவ்வூர்ப் பிள்ளை. நீ இவ்வூர்ப் பெண். "நீ ஏன் இன்னும் நானாகவில்லை?" என்று அவனைக் கேட்பாயோ? ஆனைமலைக் காட்டுச் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் நமக்குத் தந்தை முறையினர் அல்லர், தூரத்துப் பங்காளிகள். அவற்றிற்கும் நமக்கும் பொதுவான மூதாதை, இரண்டரை அல்லது மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. ஆப்பிரிக்கச் சிம்பன்சி இன்னும் நெருங்கிய பங்காளி; அதனோடு நாம் பிரிந்தது ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர். நம் கடுகுக் கணக்கில் ஆறேழு கிலோமீட்டர். குரங்கு மனிதனாகாமல் தேங்கி நிற்கவில்லை. மரத்தில் வாழ்வதற்கு ஏற்றவாறு அதுவும் மாறிக்கொண்டேதான் வந்தது. மரத்துக்கு மரம் தாவுகையில் நம்முள் யார் அதனை வெல்ல முடியும்?

இதனோடு மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். பெரியோர்களும் செவிசாய்க்க வேண்டுகிறோம். "வலியது வாழும், மெலியது மாயும், இதுவே டார்வின் கண்ட உண்மை" என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். 'தகுதியுடையது பிழைக்கும்' என்ற தொடரை ஆக்கியவர் டார்வின் அல்லர். எர்பர்ட் ஸ்பென்சர் என்பார் 1864இல் ஆக்கினார். டார்வின் அதனை 1869இல் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் எடுத்துக்கொண்டார். தகுதி என்று அவர் கருதியது வலிமையை அன்று. அவ்விடத்திற்கு, அக்காலத்திற்குப் பொருந்துதலை. மண்ணுக்குள் பதுங்கிக் கறையான் தின்னும் நம் மாவேலித் தவளை என்ன மல்லனா? உலகை ஆண்ட டைனோசர்கள் மாண்டு 6½ கோடி ஆண்டுகளாயின. அதன் குலம் இன்றும் இருக்கிறது.

பொருத்தமும் நிலையானதன்று. கலாபகசில் ஒரு சிறு தீவில் பீட்டர் கிரான்ட், ரோசுமேரி கிரான்ட் என்னும் கணவனும் மனைவியும் பல்லாண்டு தங்கிக் குருவிகளின் அலகை அளந்தனர். 1977இல் கடும் வறட்சி. மெல்லிய விதைகள் தீர்ந்தன. தடித்த ஓட்டு விதைகளே மிஞ்சின. பெரும்பாலான குருவிகள் மடிந்தன. பெரிய அலகுள்ளவை மிகுதியாகப் பிழைத்தன. சில ஆண்டு கழித்துப் பெருமழை. சிறு விதைகள் எங்கும் மண்டின. இப்போது சிறிய அலகே வாழ்ந்தது. வறட்சியில் தகுதியானது மழையில் தகுதியற்றதாயிற்று.

இதை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், மனிதரைத் தட்டில் வைத்து உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று எடைபோட விரும்புவோர் இக்கொள்கையைத் துணைக்கு அழைத்துக்கொள்கின்றனர். பள்ளியில் நம் பிள்ளைகள் சிலரைப் 'பாண்டி' என்று ஏளனமாய் அழைத்ததையும் கேட்டிருக்கிறோம். நம்மவருள் சிலர் மலைவாழ் மக்களைப் பற்றிப் பேசும் பேச்சையும் கேட்டிருக்கிறோம். இரண்டாவது நமக்கு அதிக வெட்கத்தைத் தந்தது. இன்றைய மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. நம் கணக்கில் 300 மீட்டர், அடுத்த தெருமுனை. உலகின் எந்த இரு மனிதரை எடுத்தாலும், மரபணு எழுத்துகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்றே வேறுபடும்.

சிரிப்பானைப் பிரித்த இக்கணவாய் நம்மை ஏன் பிரிக்கவில்லை? நாம் நடந்தோம். பறவைக்குக் கடலாய்க் கிடந்த இடம் மனிதர்க்குச் சாலையாயிற்று. கொங்கிலிருந்து வணிகர் மேற்கே போயினர். மேற்கிலிருந்து மிளகு கிழக்கே வந்தது. பின்னர் இரயில் வந்தது. எல்லைக்கோட்டின் அப்புறம் பெண் எடுத்தார்கள், இப்புறம் கொடுத்தார்கள். இவ்வவையிலேயே பாட்டி மலையாளமும் பேரன் தமிழும் பேசுகிற வீட்டார் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறீர்கள்!

நடுவர்கள் பரிசுகளை அடுக்கத் தொடங்கிவிட்டனர். நம் நேரமும் முடிந்தது. குழந்தைகளே, விடுமுறையில் இடுக்கிக்குச் செல்வோர் மூணாற்றுச் சோலையோரம் காலையில் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். யாரோ சிரிப்பதுபோல் கேட்கும். அப்பறவையின் மோவாயைப் பாருங்கள். ஊட்டிக்குச் செல்வோர் அங்குள்ளதைப் பாருங்கள். பார்த்ததை வரைந்து சங்கத்து நூலகத்தில் கொடுத்தால், அடுத்த ஆண்டு விழாவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைப்போம்.